வேலிக்கு ஓணான் சாட்சி: சமய மேடைகளில் பேசுவோருக்கு ஒரு திறந்த மடல்

சமய மேடைகளில் பேசும் பெரியோர்களுக்கு,

வணக்கம். சைவருக்கு ஒன்று, வைணவருக்கு ஒன்று, கிறிஸ்தவருக்கு ஒன்று, இஸ்லாமியருக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் நீங்கள் ஒரு விஷயத்தில் மட்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி நடந்துகொள்கிறீர்கள். கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "கடவுள் இருக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார். உங்கள் கை தானாக நூலைத் தேடிப் போகிறது. அதிகாரமும் வசனமும் சுலோகமும் பதிகமும் வரிசையாக வந்து விழுகின்றன. கூட்டம் கைதட்டுகிறது. கேட்டவர் உட்கார்ந்துவிடுகிறார். ஒலிபெருக்கி உங்கள் கையில் இருக்கும்போது அவர் வேறு என்ன செய்வார்?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எந்த மறைநூலும், அதை ஏற்காத ஒருவர் முன்னால், கடவுள் இருப்புக்குச் சான்றாக நிற்காது. இதைக் கண்டுபிடித்துச் சொல்ல நாத்திகர் யாரும் தேவைப்படவில்லை. உங்கள் மரபுகளின் மிகக் கூர்மையான அறிவாளிகளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் பெயரை மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்கிற நீங்கள், இந்த இடம் வந்ததும் அவர்களை வாசலோடு நிறுத்திவிடுகிறீர்கள். என் மனத்தாங்கல் அதுதான்.

சிக்கல் என்ன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கடவுள் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? நூல் சொல்கிறது. நூல் சொல்வது மெய் என்று எப்படித் தெரியும்? அது கடவுள் அருளியது. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி. தருக்க நூலார் இதற்கு அந்நியோந்நியாசிரயம் என்று பெயர் வைத்துக் குற்றங்களின் பட்டியலில் சேர்த்துப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

1641இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே தெகார்த் தம் ‘தியானங்கள்’ நூலைப் பாரிசின் சொர்போன் இறையியல் புலத்தாருக்குக் காணிக்கையாக்கி ஒரு மடல் எழுதினார். மறைநூல் போதிப்பதால் கடவுளை நம்ப வேண்டும், கடவுளிடமிருந்து வந்ததால் மறைநூலை நம்ப வேண்டும் என்பது விசுவாசிக்குச் சரிதான். ஆனால் இதையே நம்பாதவர் முன்னால் வைத்தால், சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறீர்கள் என்று அவர் சொல்லிவிடுவார் என்பது அந்த மடலின் சாரம். எழுதியவர் விசுவாசி, படித்தவர்கள் இறையியலார். மறைநூலை வைத்து நாத்திகரை வெல்ல முடியாது என்பது அன்றைக்கு அவர்களுக்குள் புது விஷயமே இல்லை.

அவருக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டு முந்தியவர் கத்தோலிக்க இறையியலார் தாமஸ் அக்குவினாஸ். தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலில் கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை எடுத்தவுடன் யாத்திராகமத்தின் "இருக்கிறவராக இருக்கிறேன்" என்ற வாக்கை அவர் மேற்கோள் காட்டுகிறார். அதோடு விட்டாரா? இல்லை. அதன் பிறகுதான் இயக்கம், காரணகாரியம் என்று உலகத்திலிருந்து தொடங்கும் தம் ஐந்து வழிகளையும் வைக்கிறார். அந்த ஐந்தும் தேறுமா தேறாதா என்பது வேறு வழக்கு. வசனம் ஒன்றே போதும் என்று அவர் நினைத்திருந்தால் அந்த ஐந்துக்கும் அவசியமே வந்திராது. அதே நூலின் தொடக்கத்திலேயே இன்னொன்றும் சொல்கிறார்: எதிரில் இருப்பவர் மறைநூலில் ஒரு பகுதியையாவது ஏற்றால் அதை வைத்து அவரோடு வாதிடலாம், எதையுமே ஏற்காதவரிடம் விசுவாசக் கோட்பாடுகளை நிறுவ வழியில்லை, அவர் எழுப்பும் தடைகளுக்குப் பதில் சொல்லத்தான் முடியும். கத்தோலிக்கத் திருச்சபை 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்ததும், கடவுளைப் படைப்பிலிருந்து மனித அறிவின் இயல்பான ஒளியால் உறுதியாக அறிய முடியும் என்பதைத்தான்.

இஸ்லாமிய மரபில் முஃதஸிலா அறிஞர் காதி அப்துல் ஜப்பார் (மறைவு 1025) இதைவிடக் கறாராகப் பேசினார். கடவுள் இருக்கிறார், அவர் நீதியானவர், பொய் சொல்லமாட்டார் என்பதெல்லாம் முதலில் அறிவால் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வேதத்தின் சொல் ஆதாரமாகும். முஃதஸிலாக்களைக் கடுமையாக எதிர்த்த அஷ்அரி மரபினரும் இறைவன் இருப்புக்கு, உலகம் தோற்றம் உடையது, ஆகவே தோற்றுவித்தவன் ஒருவன் வேண்டும் என்ற வாதத்தைத்தான் முன்னால் வைத்தார்கள்.

நம் பக்கம் வாருங்கள். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை எப்படித் தொடங்குகிறார்? "அவன் அவள் அதுவெனும் அவைமூ வினைமையின்" என்று, கண்முன் இருக்கிற உலகத்தில் தொடங்குகிறார். அவன், அவள், அது என்று சுட்டப்படும் இந்த உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது. ஆகவே அதை ஒடுக்கித் தோற்றுவிப்பவன் ஒருவன் உண்டு. முதல் சூத்திரமே கருதலளவை, அதாவது அனுமானம். ஆகமம் சொல்கிறது, வாயை மூடு என்று அவர் ஆரம்பிக்கவில்லை. (முடிவில் "என்மனார் புலவர்" என்று பெரியோர் வாக்கையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறார் என்பது உண்மை. துணைக்குத்தான்.)

வேதச் சடங்குகளுக்கு விளக்கம் சொன்ன தத்துவ மரபினரான மீமாம்சகர் அளவுக்கு வேதத்தைத் தூக்கிப் பிடித்தவர் எவரும் இல்லை. ஆனால் அவர்கள் வேதத்தைக் கடவுளோடு முடிச்சுப் போடவே இல்லை. வேதம் யாராலும் செய்யப்படாதது. செய்தவர் ஒருவர் இருந்தால் அவர் பிழை செய்திருக்கலாம், பொய் சொல்லியிருக்கலாம் என்ற ஐயம் வந்துவிடும். அந்த வழியில் வந்த குமாரில பட்டர், உலகைப் படைத்ததாக ஒரு கடவுளே சொன்னாலும் அதை எப்படி நம்புவது என்று கேட்டார். படைக்காமலே இருந்துகொண்டு, தன் பெருமையைக் காட்டத் தானே படைத்ததாகச் சொல்லியிருக்கலாமே! வேத நெறியை நிலைநாட்ட வாழ்நாளையே செலவிட்டவர் வாயிலிருந்து வந்த கேள்வி இது. இன்றைக்கு ஒரு பகுத்தறிவு மேடையில் யாராவது இதைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பீர்கள்.

இந்த இடத்தில் உங்களில் படித்தவர் ஒருவர் எழுந்து, "ராமானுசரை மறந்துவிட்டீரே" என்பார். மறக்கவில்லை. நீங்கள் வைக்கக்கூடிய வலுவான எதிர்வாதம் அதுதான் என்பதால் நிதானமாகப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன்.

பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யப் பகுதியில், அனுமானத்தால் ஈசுவரனை நிறுவ முடியாது, சாத்திரம் ஒன்றே வழி என்று ராமானுசர் நீண்ட வாதம் செய்கிறார். உலகம் செய்யப்பட்ட பொருள் என்றே வைத்துக்கொண்டாலும், ஒருவனே செய்தான் என்று எப்படித் தெரியும்? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்திருக்கலாமே? ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து, 1779இல் வெளிவந்த டேவிட் ஹியூமின் உரையாடல் நூலில் இதே ஐயம் வருகிறது. ஹியூம் அதை வைத்து நம்பிக்கையின் அடித்தளத்தை அசைக்கப் பார்த்தார். ராமானுசர் அதை வைத்துச் சாத்திரத்தின் பக்கம் நம்மைத் திருப்பப் பார்த்தார்.

ஆனால் அவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று கவனியுங்கள். எதிரில் இருந்த நையாயிகரும் (நியாயம் என்னும் தருக்க மரபினர்) மீமாம்சகரும் வேதத்தைப் பிரமாணமாக, அதாவது அறிவுக்கு ஆதாரமாக, ஏற்றவர்கள். வேதம் பிரமாணமா என்பது அங்கே வழக்கே அல்ல. பிரமாணமான வேதம் பிரம்மத்தைப் பற்றி அறிவு தருமா, அந்த அறிவு வேறு வழியிலும் கிடைக்குமா என்பதுதான் வழக்கு. வீட்டுக்குள் நடந்த பேச்சு அது. தெருவில் நின்று "இந்த வீடே எதற்கு?" என்று கேட்கிற இளைஞரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவருக்கு அது எப்படிப் பொருந்தும்? உண்மையில் ராமானுசர் வழி நிற்பவருக்கு நிலைமை இன்னும் இக்கட்டானது. அனுமானக் கதவை அவரே அடைத்துவிட்டார். சாத்திரக் கதவை எதிரில் இருப்பவர் ஏற்கவில்லை. அப்போது நேர்மையாகச் சொல்லக்கூடியது, "உங்களுக்கு எடுத்துக்காட்ட என்னிடம் நிரூபணம் இல்லை, இந்த நூலை ஏற்று நடக்கிறவர்களுக்கு இது தெரியவருகிறது" என்பது மட்டுமே. அப்படிச் சொன்ன பேச்சாளர் ஒருவரைக்கூட நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எழுந்து நின்று வணங்கியிருப்பேன்.

பிறர் சொல்லை ஆதாரமாகக் கொள்ளும் உரையளவையே கூடாது, கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பத்துப் பேரிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்டு நடக்கிறாள். கண்டதே காட்சி என்று நிற்கும் பூதவாதியிடம், தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் இந்த உலகத்தில் எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். நியாயமான அடி. நாம் பிறந்த நாள், நாம் போகாத நாடு, நாம் பிறக்குமுன் நடந்த போர் எல்லாமே பிறர் வாய்ச்சொல்லில்தான் நமக்குத் தெரியும். சொல் அறிவுக்கு வாயில் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் எந்தச் சொல்? சொன்னவர் யார், அவருக்கு அது தெரிய வாய்ப்பு இருந்ததா, வேறு வழியில் ஒத்துப்பார்க்க முடியுமா என்று கேட்டுத்தான் ஏற்கிறோம். அதே காதையில் வைணவவாதி கடல்வணன் புராணத்தைக் காதலோடு ஓதி, நாரணனே காப்பு என்கிறார். இரண்டே அடிகளில் சாத்தனார் அவரைக் கடந்துபோகிறார். மறுத்து ஒரு சொல்கூட இல்லை. ஓதியதில் மறுக்க என்ன இருக்கிறது?

இந்த வட்டத்தை உடைக்க ஒரு புத்திசாலித்தனமான வழி உண்டு. நையாயிகரின் மூலநூலான நியாய சூத்திரம் அதைச் சொல்கிறது: மந்திரமும் ஆயுர்வேதமும் பலிப்பதைக் கண்ணால் பார்க்கிறோம்; அவற்றைச் சொன்னவர் நம்பத்தக்கவர் என்று தெரிகிறது; அதுபோலவே வேதத்தின் மற்றப் பகுதியையும் நம்பலாம். சோதிக்க முடிந்த இடத்தில் தேறியவரைச் சோதிக்க முடியாத இடத்திலும் நம்புவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்று உங்கள் மேடைகளில் ‘நம் வேதத்தில் அறிவியல்’ என்று ஓடும் கடையெல்லாம் இந்த ஒரு வாதத்தின் பேரப்பிள்ளைகள்தான். அதனால் அதில் ஒன்றைப் பிரித்து மேசைமேல் வைத்துப் பார்ப்போம்.

ரிக்வேதத்தின் முதல் மண்டலத்தில் 50ஆம் சூக்தம் சூரியனைப் போற்றுவது. அதன் நான்காம் மந்திரத்துக்கு உரை எழுதும்போது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாயணர் ஒரு பழைய சுலோகத்தை எடுத்துக்காட்டுகிறார். அரை நிமிஷத்தில் 2,202 யோசனை கடப்பவனே, உனக்கு வணக்கம் என்பது அதன் பொருள். (யோசனை என்பது பழைய தூர அளவு. நிமிஷம் என்பது இன்றைய அறுபது விநாடி நிமிடம் அல்ல, கண் இமைக்கும் அளவான பழைய கால அளவு.) இதுதான் ஒளியின் வேகம், பார்த்தீர்களா என்கிறது மேடை. கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அரை நிமிஷத்துக்கு 2,202 என்றால் ஒரு நிமிஷத்துக்கு 4,404 யோசனை. ஒரு யோசனை சுமார் 14.5 கிலோமீட்டர், ஒரு நிமிஷம் 0.2133 விநாடி என்று வைத்தால், விநாடிக்கு ஏறக்குறைய 2,99,000 கிலோமீட்டர் வருகிறது. இன்றைய அளவு 2,99,792. மெய்சிலிர்க்கும்தான்.

இப்போது கொஞ்சம் கையை அசைத்துப் பாருங்கள். பழைய நூல்களில் யோசனைக்கு ஒரே அளவு கிடையாது. 8 கிலோமீட்டர் என்றும் கொள்வார்கள், 13 என்றும் கொள்வார்கள். எட்டைப் போட்டால் விடை 1,65,000ஆக இறங்குகிறது. பதின்மூன்றைப் போட்டால் 2,68,000. நிமிஷமும் அப்படித்தான். காட்டை (காஷ்டை) என்ற பழைய கால அளவு ஒன்றுக்குப் பதினைந்து நிமிஷம் என்கிற புராணக் கணக்கில்தான் 0.2133 விநாடி வரும். மனுஸ்மிருதி சொல்வதுபோலப் பதினெட்டு என்று கொண்டால் ஒரு நிமிஷம் 0.178 விநாடி, அப்போது அதே 14.5 கிலோமீட்டருக்கு விடை 3,59,000ஐத் தொடுகிறது. ஆக, விடை தெரிந்த பிறகு, அந்த விடை வரும்படியான யோசனையையும் அந்த விடை வரும்படியான நிமிஷத்தையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சுலோகம் பேசுவதோ சூரியனின் பயணத்தை. ஒளிக்கு வேகம் உண்டு என்பதையே வியாழனின் துணைக்கோள் மறையும் நேரங்களைக் குறித்து 1676இல் காட்டியவர் ஓலே ரோமர். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் சாயணர் உரையை எத்தனையோ பண்டிதர்கள் பாடம் கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் ஒளியின் வேகம் இன்னது என்று எழுதிவைத்ததாக வரலாறு இல்லை.

ஒரு பேச்சுக்கு எண் சரியாகவே இருக்கட்டும். அப்போதும் நமக்குக் கிடைப்பது, அந்தச் சுலோகத்தை எழுதியவருக்கு ஓர் அளவு தெரிந்திருந்தது என்பது. அங்கிருந்து உலகைப் படைத்த ஒருவர் வரைக்கும் இன்னும் எத்தனை காத தூரம்! ஆயுர்வேதம் பலித்தால் மருத்துவரை மெச்சலாம். மருந்து சொன்னவருக்கு மறுமையும் தெரியும் என்று எப்படி முடிவு கட்டுவது?

இது வேத மேடைக்கு மட்டும் உரியதல்ல. யோபுவின் புத்தகம் 26ஆம் அதிகாரத்தில் கடவுள் பூமியை அந்தரத்தில் தொங்கவிடுகிறார் என்பதை விண்வெளி அறிவியல் என்று எடுத்துக்காட்டுவார்கள். அதே யோபுவின் 9ஆம் அதிகாரத்தில் பூமியின் தூண்கள் அதிர்கின்றன. அந்த வசனம் மேடைக்கு வருவதில்லை. பிரபஞ்சம் விரிகிறது என்று குர்ஆன் அன்றே சொன்னது என்ற பேச்சும் 1929இல் எட்வின் ஹபிள் தம் அளவீட்டை வெளியிட்ட பிறகு கிளம்பியதுதான். எந்த மதத்தானாலும் ஆய்வுக்கூடம் முதலில், வசனம் பிறகு. வரிசை மாறி நடந்ததாக ஒன்றைக் காட்டுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

உங்கள் முன்னோர் இதையும் எச்சரித்திருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய அகஸ்தீன், விண்ணையும் மண்ணையும் பற்றி நன்றாகத் தெரிந்த நம்பாதவர் முன்னால், கிறிஸ்தவர் ஒருவர் மறைநூலின் பெயரால் உளறுவது எவ்வளவு வெட்கக்கேடு என்று நொந்துகொள்கிறார். அவர்களுக்குத் தெரிந்த விஷயத்திலேயே நம் நூல் தப்பு என்று கண்டுகொண்டால், மறுமையைப் பற்றி அதே நூல் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று கேட்கிறார். கிரனடாவின் அறிஞர் அஷ்ஷாத்திபி 14ஆம் நூற்றாண்டில், இயற்கை ஆய்வாளர்களின் கலைகளையெல்லாம் குர்ஆனுக்குள் திணிப்பதைக் கண்டித்தார். சாயணர் உரை எழுதிய அதே நூற்றாண்டு என்பது தற்செயல்தான் என்றாலும் எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

வரலாற்று வாதம் இதைவிடக் கௌரவமானது. தோண்டினால் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கத்தான் செய்கிறது. 1993இல் இஸ்ரேலின் வடக்கே தெல் தானில் கிடைத்த அரமேயக் கல்வெட்டுத் துண்டில் "தாவீதின் வீடு" என்று இருப்பதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். தாவீது என்ற பெயரில் ஓர் அரச மரபு இருந்தது என்பதற்கு அது நல்ல ஆதாரம். தாவீதோடு கடவுள் பேசினார் என்பதற்கு அது ஆதாரமாகுமா? 1870களில் ஜெர்மானிய அகழ்வாளர் ஷ்லீமன் இன்றைய துருக்கியின் ஹிசார்லிக் மேட்டைத் தோண்டினார். ஹோமர் பாடிய டிராய் நகரம் அதுதான் என்று இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. நகரம் கிடைத்துவிட்டது, ஆகவே அதீனா தேவி போர்க்களத்தில் இறங்கி நின்றதும் மெய் என்று உங்களில் யாராவது சொல்வீர்களா? சொல்லமாட்டீர்கள். அந்தக் கறார்த்தனத்தை உங்கள் நூலுக்கும் காட்டுங்கள் என்றால் மட்டும் முகம் சுருங்குகிறது.

சாட்சிகளின் எண்ணிக்கையும் அடிக்கடி மேடை ஏறும். யூத அறிஞர் யெகூதா ஹலேவி 1140 வாக்கில் இதை அழகாகக் கட்டினார். ஒரு தீர்க்கதரிசி தனியாகக் கேட்ட குரல் அல்ல இது. எகிப்திலிருந்து புறப்பட்ட ஆறு லட்சம் ஆண்கள் சீனாய் மலை அடியில் நின்று சேர்ந்து கேட்டது. இத்தனை பேர் கூடிப் பொய் சொல்ல முடியாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், உயிர்த்த இயேசுவை ஐந்நூறுக்கும் அதிகமானோர் ஒரே வேளையில் கண்டார்கள் என்கிறார். இரண்டும் வலுவாகத் தோன்றும், அந்த ஆறு லட்சம் பேரும் ஐந்நூறு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கும்வரை. அவர்கள் நூலுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆறு லட்சம் பேர் தனித்தனியாக எழுதிவைத்த வாக்குமூலம் நம் கையில் இல்லை. ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் ஒரு பனுவல் இருக்கிறது. பவுல் காலத்தில் அவர்களில் பலர் உயிரோடு இருந்தார்கள் என்று அவரே எழுதுகிறார். அன்றைக்கு ஒருவர் போய் விசாரித்திருக்கலாம். நாம் விசாரிக்க முடியாது.

இதுபோல் வேறு எவராலும் எழுத முடியாது என்ற குர்ஆனின் சவாலைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் அது வெளிப்படையாகவே வருகிறது; தன்னையே அத்தாட்சியாக முன்வைக்கும் நூல் என்ற வகையில் அதன் நிலை தனி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொழியழகுக்கு நடுவர் யார்? அரபு தெரியாத கோடிக்கணக்கானோர் அந்தத் தீர்ப்பை இன்னொருவர் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும். திருவாசகம் படித்து உருகாதவர் கல்நெஞ்சர் என்பேன் நானும். உருகியதை நிரூபணம் என்று எந்தச் சபையிலும் நீட்டமாட்டேன்.

நூல்களே இந்த வேலையைக் கேட்டு வாங்கினவா என்றும் பாருங்கள். ஆதியாகமத்தின் முதல் வரி கடவுளை நிரூபிக்க முயலவில்லை. அவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு கதையைத் தொடங்கிவிடுகிறது. 19ஆம் சங்கீதம் வானத்தைப் பார் என்கிறது. குர்ஆனின் 52ஆம் அத்தியாயம், அவர்கள் எதுவுமின்றியே படைக்கப்பட்டார்களா, அல்லது அவர்களே படைப்பவர்களா என்று கேட்கிறது. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129ஆம் சூக்தம், படைப்பு எங்கிருந்து வந்தது என்பது மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாமல் இருக்கலாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஒரு மறைநூல் இவ்வளவு தைரியமாகக் கையை விரிக்கும்போது, அதைப் பிடித்து இழுத்துவந்து "கண்ணால் பார்த்தேன் என்று சொல்" என்று கூண்டில் ஏற்றுவது நீங்கள்தான். வெளியே பார் என்று நூல் கை காட்டினால், பார்ப்பதும் வாதிடுவதும் நம் பொறுப்பு. அந்த வாதம் தன் காலில் நின்றால் நிற்கட்டும், விழுந்தால் விழட்டும். வசனத்தில் இருப்பதால் அதற்குக் கூடுதல் பலம் வந்துவிடாது.

இன்னொன்று. மறைநூல் கடவுளுக்குச் சான்று என்றால், பௌத்தரின் திரிபிடகம் எதற்குச் சான்று? சமண ஆகமங்கள் எதற்குச் சான்று? அவையும் ஆயிரமாயிரம் ஆண்டு போற்றி ஓதப்பட்ட நூல்கள்தாம். படைத்துக் காக்கும் கடவுள் ஒருவரை அவை ஏற்கவில்லை. சமண ஆசாரியர் ஜினசேனர் 9ஆம் நூற்றாண்டில் படைப்புக் கொள்கையைக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைத்திருக்கிறார். புத்தரோ, கேசபுத்த ஊரின் காலாமர்களிடம், மறைநூலில் இருக்கிறது என்பதற்காக எதையும் ஏற்காதீர்கள் என்கிறார். உங்கள் நூல் சான்று, அவர்கள் நூல் சான்றல்ல என்று சொல்ல, நூலுக்கு வெளியே ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் கையில் இருந்தால் அதையே நேராக எடுத்து வைத்துவிடலாமே!

இதைப் படித்துவிட்டுப் பகுத்தறிவு மேடைக்காரர்கள் வெடி வெடிக்க வேண்டாம். சாட்சி செல்லாது என்பதால் வழக்கு பொய்யாகிவிடாது. நூல் நிரூபிக்கவில்லை என்பதிலிருந்து கடவுள் இல்லை என்று தாவுவதும் அதே அளவு சோம்பேறித்தனம். "வேர்த்து இரைப்பு வந்தபோது வேதம் வந்து உதவுமோ" என்று கேட்ட சிவவாக்கியர் நாத்திகர் அல்லர், சிவன்மேல் பித்தானவர்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நூலை ஓதுங்கள், பாடுங்கள், அழுங்கள், அதன்படி வாழுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். என்ன நம்புகிறீர்கள், ஏன் அப்படி வாழ்கிறீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறு இல்லை. ஆனால் இருக்கிறாரா என்று மெய்யாகவே தவிப்போடு கேட்கிறவரிடம் அதை நிரூபணம் என்று நீட்டாதீர்கள். ஒரு கூட்டத்தில் பார்த்தேன்: பதினாறு, பதினேழு வயதுப் பெண். "இதை நம்பாதவங்களுக்கு என்ன சொல்வீங்க ஐயா?" என்று கேட்டாள். கேள்வி எவ்வளவு துல்லியம் பாருங்கள். பேச்சாளர் சிரித்துக்கொண்டே இன்னொரு வசனத்தைச் சொன்னார். அவள் நோட்டில் அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு கேட்கவில்லை.

‘வேதத்தில் அறிவியல்’ சொற்பொழிவுகளைக் கைவிடுங்கள். யோசனைக்கும் நிமிஷத்துக்கும் அளவை மாற்றிப் போட்டுப் பார்க்க இன்றைக்குக் கையில் ஒரு கைப்பேசி போதும். அடுத்த தலைமுறை போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. சமயப் பாடத்திட்டம் வகுக்கிறவர்கள், குமாரிலரையும் அப்துல் ஜப்பாரையும் அக்குவினாசையும் பெயருக்கு ஒரு பத்தியாவது சேருங்கள். கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் வெளியாட்கள் அல்லர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

இந்த மடலுக்கு மறுமொழி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். கடுமையாக எழுதினாலும் சரி. ஒரே நிபந்தனை: நீங்கள் காட்டும் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில், இதே முறையில் இன்னொரு மதத்தார் தம் நூலிலிருந்து ஒரு வசனம் காட்டினால் அதை நீங்கள் ஏற்பீர்களா என்று ஆம், இல்லை என ஒரு சொல்லில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களைத் தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகன்